மெல்லிசைக் கலைஞர்கள் சங்கம், 2024-25 ஆண்டறிக்கை: டீசல் கணக்கு

அண்ணன்மார், தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, சந்தா பாக்கி யாருன்னு நான் படிக்கல, அவங்கவங்களுக்கே தெரியும்.

போன பொதுக்குழுல கச்சேரிக்குப் போக வர ஆகுற டீசலைக் குறைக்கணும்னு தீர்மானம் போட்டோம்ல, அப்ப கோல்ட்பிளேங்கிற இங்கிலாந்து பாட்டுக் குழு கதைய நான் எடுத்ததும் நம்ம டிரம்மர் தம்பி "அவங்க எங்க, கம்பம் திருவிழாவுக்குப் போற நாம எங்க"ன்னு ஓட்டுனாப்ல. நியாயந்தான். அவங்க 2019ல டூரே வேணாம்னு நிறுத்தி, 2022ல கிளம்பி, ஆளுங்கள சைக்கிள் மிதிக்க விட்டு கரண்ட் எடுத்து, முந்தின டூரை விட ஷோவுக்கு 59 சதவீதம் கார்பன் கம்மின்னு 2024ல கணக்கு காட்டுனாங்க. அதுல பாக்க வந்த ஜனத்தோட கார், பிளைட்டு சேரல, அதையும் சொல்லணும்ல.

நம்ம கதைக்கு வருவோம். மேடைக்கு அடிக்குற பழைய பார் (PAR) லைட்டு ஒண்ணு 1000 வாட்ஸ். 40 லைட்டு கட்டினா லைட்டுக்கே 40 கிலோவாட், அதுக்காகத்தான் 125 கேவிஏ பெரிய ஜெனரேட்டர். 54 குட்டி பல்பு வச்ச எல்ஈடி பார் லைட்டா மாத்தினா ஒண்ணு 150 வாட்ஸ் சுமாருக்குத்தான், அத்தனையும் சேத்தா 6 கிலோவாட். லைட்ட மாத்திட்டு ஜெனரேட்டர அப்படியே வச்சா பிரயோஜனம் இல்ல, லோடு இல்லாத பெரிய ஜெனரேட்டர் சும்மாவே டீசல் குடிக்கும், சைலன்சர்ல கரியும் அடையும். 62.5 கேவிஏ சின்ன ஜெனரேட்டருக்கு எறங்குன மொத நாள் கம்பம் பக்கத்துல ஒரு கோயில் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பின்னாடி வந்து "என்னப்பா சத்தத்தையே காணோம், ஜெனரேட்டர் வரலையா"ன்னு கேட்டாரு, அட்வான்ஸ்ல கைய வச்சிருவாரோன்னு எனக்கு பக்குனு ஆயிருச்சு.

ரூட்டு விசயத்துல கொட்டு வாங்குனோம். மதுரைல இருந்து ஸ்பீக்கர் பாக்ஸ் ஏத்திட்டு லாரி போக வேணாம், ஆளும் கீபோர்டும் வேன்ல போவோம், சவுண்டு உள்ளூர்ல பிடிப்போம்னு முடிவு பண்ணி, திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊர்ல பிடிச்ச செட்டுல ஒரு பக்கம் பாக்ஸ் ஊமையாயிருச்சு. தங்கச்சி இருவது நிமிசம் பாதி ஊருக்குத்தான் பாடுச்சு. கமிட்டி காசுல பிடிச்சிட்டாங்க. ஆனா திட்டத்த விட வேணாம், சாயங்காலம் நாலு மணிக்கே ஒருத்தர் போய் செட்டு டெஸ்ட் பண்ணணும், அவரு பஸ் சார்ஜ சங்கம் குடுக்கும்.

இன்னிக்கு காரைக்குடி, நாளைக்கு கம்பம், மறுநாள் திரும்ப தேவகோட்டைன்னு தேதி குடுக்குறத மொதல்ல நிறுத்துங்க. ஒரே தெசைல வர்ற ஊர அடுத்தடுத்து வாங்குங்க, இடையில வேற தெசைல கச்சேரி ஆஃபர் வந்தா அந்தப் பக்கம் இருக்க குழுவுக்கு விட்டுக் குடுங்க, அவங்க அடுத்த தடவ உங்களுக்கு விடுவாங்க. விடலேன்னா எங்கிட்ட சொல்லுங்க.

தண்ணி பாக்கெட்டு, பிளாஸ்டிக் கப்பு 2019லயே தடை, இன்னும் மேடைக்கு அடியில கெடக்கு. கேனும் டம்ளரும் வேன்லயே இருக்கட்டும்.

ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது, அத வச்சு சங்கத்துக்கு மொத்தக் கணக்கு போடலாம்னு பாத்தா பாதிக் குழு பில்லே குடுக்கல. பில்லு தொலைச்சவங்க வண்டி மீட்டரயாவது போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, ஆடி சீசனுக்கு முன்னாடி.

இப்படிக்கு,
செயலாளர்