விரலுக்குத் துணி சுற்றும் நேரம்

அன்புள்ள தாயி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அம்மா சரியாகப் பதில் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். "தினமும் தியானம் பண்ணலாம்னு இருக்கேன், நீதான் மூச்சடக்குறதுல கெட்டிக்காரியாச்சே, எப்படி ஆரம்பிக்கிறது" என்று கேட்டாய். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். எட்டாம் வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அந்த மூச்சடக்குகிற பேச்சை விடு. அதை நம்பித்தான் நான் கெட்டேன். உன் அப்பா போன பிறகு ராத்திரியில் தூக்கம் இல்லாமல் கிடந்தேன் இல்லையா, அப்போது நம் தெருக் கடைசியில் இருக்கும் ரிட்டையர்டு டீச்சர்தான் என்னைக் குந்துகாலுக்குக் கூட்டிப் போனார். விவேகானந்தர் சிகாகோ போய்விட்டுத் திரும்பும்போது, 1897 ஜனவரி 26 அன்று நம் மண்ணில் கால் வைத்த இடம். அங்கே வெளியூர்க்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, படகுக்குப் போகும்போது நாங்கள் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்! அன்றைக்கு நானும் உட்கார்ந்தேன்.

டீச்சர் பேச்சுவாக்கில் ஒரு கணக்குச் சொன்னார். 16 எண்ணி இழுப்பது, 64 எண்ணி நிறுத்துவது, 32 எண்ணி விடுவது. பழைய காலத்துக் கணக்காம். குரு பக்கத்தில் இருந்து வருஷக்கணக்காகப் பழகினால்தான் அது சரிப்படும், நீ தொடாதே என்றும் சொன்னார். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. 64 எண்ணுவதெல்லாம் ஒரு விஷயமா? முப்பது வருஷமாகக் கடலடிப் பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்க முங்குகிறவள் நான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இழுத்துப் பிடித்தேன். மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மனசு அடங்கவும் இல்லை, கடலுக்குள் இருப்பது போலவே எப்போது மேலே வருவோம் என்று அடித்துக்கொண்டது.

டீச்சர் திட்டவில்லை. "கடலுக்குள்ள பிடிக்கிறே, இங்க விடணும். வர்ற மூச்சு வரட்டும், போற மூச்சு போகட்டும், நீ மூக்குநுனியில காவல் இரு" என்றார். அவ்வளவுதான் பாடம். எனக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆனது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ உட்காருவதைப் பற்றியே கேட்கிறாய். எனக்கென்னவோ உட்காருவதற்கு முன்னால் இருப்பதுதான் பெரிய வேலை. நாங்கள் கடலில் இறங்கும் முன் செய்வதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பாறை அறுத்துவிடும் என்று பத்து விரலுக்கும் கிழிசல் துணியைச் சுற்றுவோம். சேலைக்கு மேல் சட்டை போட்டு இறுக்கிக்கொள்வோம். முங்கும்போது போடும் கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைப்போம். வயிறு முட்டச் சாப்பிட மாட்டோம், சாப்பிட்டால் மூச்சு நிற்காது. அதற்குள் பேச்சுக் குறைந்துவிடும். கடைசி விரலில் முடிச்சுப் போடும்போது பாதிக் கடலில் இருப்போம். அந்த மாதிரி ஒன்று உனக்கும் வேண்டும்.

ராத்திரியே ஆரம்பித்துவிடு. ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வந்து பரோட்டா சாப்பிட்டுப் படுத்தால் காலையில் தூக்கம்தான் தியானம். இட்லியோ கஞ்சியோ போதும். பிரம்ம முகூர்த்தம் என்று நாலரைக்கு எழுந்திருக்கச் சொல்லும் வீடியோவை எல்லாம் நம்பாதே, உன் வேலைக்கு அது ஒத்துவராது. தூக்கத்தைத் திருடி தியானத்துக்குக் கொடுக்கக் கூடாது. நீ எழுந்து, குளித்து, டீ குடிக்கும் முன் இருக்கிற பத்து நிமிஷம் போதும். பத்துதான், அரைமணி என்று ஆசைப்படாதே.

போனை வெளியே வை. மணி அடிக்கப் போன் வேண்டும் என்பாய். அதற்குத்தான் கடைத்தெருவில் சின்ன அலாரம் கடிகாரம் விற்கிறான், வாங்கிக்கொள். ஹாஸ்டல் கட்டிலில் உட்காராதே, பத்து நாளில் அது படுக்கச் சொல்லிக் கொடுத்துவிடும். தரையில் ஒரு மூலை பார். போர்வையை நாலாய் மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வை. முட்டியைவிட இடுப்பு உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். கால் மரத்தால் மாற்றிப் போடு, பாவம் ஒன்றுமில்லை. எனக்கு முட்டி தேய்ந்து இப்போது நாற்காலியில்தான் உட்காருகிறேன். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் மேனேஜர் வருவான், சீட்டுப்பணம் வரும், மூன்று வருஷத்துக்கு முன் யாரோ சொன்ன சொல் வரும். வரட்டும். பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பு. ஐம்பது தடவை ஓடினால் ஐம்பது தடவை திரும்பு. ஒன்று மட்டும் கவனி. நெஞ்சு இறுகினாலோ காரணமில்லாமல் பயம் வந்தாலோ கண்ணைத் திறந்து எழுந்து நட. திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போ, எனக்கும் சொல்.

தினமும் என்பதுதான் கஷ்டம். பாசிக்கு மாதம் 12 நாள்தான் என்று நாங்களே பேசி வைத்திருக்கிறோம், பாசியும் வளர வேண்டுமே. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் கலங்கிவிடும், வடகிழக்கு வாடைக் காற்றில் வடகடல். கலங்கினால் வீட்டில் இருந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் மனசு கலங்கிய நாளெல்லாம் உட்காராமல் விட்டேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நாலு நாள்கூடத் தேறவில்லை. அப்புறம்தான் உறைத்தது, இதில் கலங்கல் நாளுக்கு லீவு கிடையாது என்று. கலங்கின அன்றைக்கு மூச்சு ஒன்றும் பிடிபடாது. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் கணக்கில் சேரும்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். மடித்து உட்கார என் பழைய சுங்குடிச் சேலை, நீ கேட்ட நெத்திலிக் கருவாடு, கொஞ்சம் பனங்கற்கண்டு. கருவாட்டைத் தனியாகத்தான் கட்டினேன், ஆனாலும் சேலையில் வாடை ஏறியிருக்கும். ஒருநாள் வெயிலில் போட்டுவிட்டு எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கண்ணை மூடினதும் உனக்குச் சோற்று நினைப்புதான் வரும்.

அம்மா
பாம்பன்