வசந்திக்கு: லார்சாக் வருவதற்கு முன்

அன்புள்ள வசந்தி,

உன் மெயில் சித்திரையில் வந்தது, பதில் ஆடியில் போகிறது. திட்டுவதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மாலதி சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் உயிரை வாங்குகிறது. நலம் விசாரிப்பு முடிந்தது.

செப்டம்பரில் மூன்று பேருமாகத் தென் பிரான்சுக்கு, மொன்பெலியே வருகிறீர்கள், அரவிந்துக்கு டெம்ப்ளர்களின் (சிலுவைப் போர்க் காலத்துத் துறவி-வீரர் சபை) கோட்டைகளைக் காட்ட வேண்டும், "ஒரு நாள் போதும்டி" என்கிறாய். கூடவே அவன் கைப்பட எழுதிய பட்டியல்: புதையல், சுரங்கப்பாதை, 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாபம். அதைப் பார்த்த பிறகுதான் சும்மா இருக்க முடியாமல் எழுத உட்கார்ந்தேன். இந்த நினைப்போடு, அந்தக் கோட்டைகள் இருக்கும் லார்சாக் மேட்டில் வந்து இறங்கினால் அரை மணியில் கொட்டாவி வந்துவிடும். அப்புறம் மாலதி திருமயம் கோட்டையில் கேட்ட மாதிரியே "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று உன் பையன் என்னிடம் கேட்பான், நான் பதில் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நிஜம்தான். 1307 அக்டோபர் 13, நாலாம் பிலிப் ராஜா பிரான்ஸ் முழுக்க ஒரே விடியற்காலையில் டெம்ப்ளர்களைப் பிடிக்கச் சொன்னான். ஆனால் கிராமப்புறத்தில் பிடிபட்டவர்கள் யார் என்று பார். வெள்ளை அங்கி போட்ட குதிரைவீரன் அபூர்வம். ஏர் ஓட்டியவர்கள், மந்தை பார்த்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், போருக்கு லாயக்கில்லாமல் வயதாகிப்போன சகோதரர்கள், இவர்கள்தான் பெரும்பாலும். சண்டை நடந்தது பாலஸ்தீனத்தில். அதற்குப் பணமும் குதிரையும் தானியமும் அனுப்பிய பண்ணைதான் லார்சாக். வருமானத்தில் ஒரு பங்கு, பொதுக் கணக்கில் மூன்றில் ஒன்று, கடல் தாண்டிப் போக வேண்டும். அப்படி அனுப்பிவிட்டால் புதைத்து வைக்க என்ன மிஞ்சும்? புதையல் பேச்சை விமானத்திலேயே முடித்துவிட்டு வா.

இன்னொன்று. நீ தொட்டுப் பார்க்கப்போகும் மதில் எதுவும் டெம்ப்ளர் கட்டியது இல்லை! டெம்ப்ளர்கள் லார்சாக்கில் காலூன்றியது 1150களில். அவர்கள் ஆட்டம் அங்கே நூற்றைம்பது வருஷம்தான். 1312ல் போப் சபையைக் கலைத்து, சொத்தை ஹாஸ்பிடலர்கள் என்ற இன்னொரு துறவி-வீரர் சபையிடம் கொடுத்தார். ஹாஸ்பிடலர்கள் 1792ல் புரட்சி அரசு பறிமுதல் செய்கிற வரை நானூற்றெண்பது வருஷம் அங்கே குந்தியிருந்தார்கள். நூறாண்டுப் போரில் சம்பளம் கிடைக்காத கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்த காலத்தில்தான் மதில் எழும்பியது. லா கூவெர்த்துவாராட் என்ற மேட்டு ஊரில் 1439ல் வேலை தொடங்கியது, கொத்தனார் தெயோதா தலாஸ். ஆனால் பெயர்ப்பலகையெல்லாம் டெம்ப்ளர், கீசெயின்கூட டெம்ப்ளர். உழைத்தவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் ஒருத்தன். நம்ம ஹாஸ்டல் டே மாதிரியே.

சரி, எதைத்தான் பார்ப்பது என்கிறாயா? தண்ணீரைப் பார். கிண்டல் இல்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

லார்சாக் என்பது எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயரத்தில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறை மேடு. மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெய்கிற நீர் பாறை வெடிப்பில் இறங்கிக் காணாமல் போய்விடும். மேலே ஆறு கிடையாது, ஓடை கிடையாது. கீழே பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வெளியே வரும். காரில் போகும்போது தரையில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். அங்கே மட்டும் செம்மண் சேர்ந்திருக்கும், அங்கே மட்டும் பயிர் இருக்கும். மிச்சமெல்லாம் புல்லும் கல்லும் ஆடும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் எந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டாம். லார்சாக் டெம்ப்ளர்களின் தலைமையகமான சாந்த் எலாலி செர்னோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, ஆலைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் வேண்டுமே. மேய்ச்சலைக் கவனிக்கும் கிளை ஊர்கள் வறண்ட மேட்டில்.

லா கூவெர்த்துவாராட் அந்த வறண்ட மேட்டு ஊர். அங்கே மதில் டிக்கெட் வாங்கும் முன்பே மதிலுக்கு வெளியே இருக்கும் லாவோஞ்யைப் பார்த்துவிடு. ஆடு தண்ணீர் குடிக்கும் குட்டை அது. ஆழமில்லாத வட்டப் பள்ளம், அடியில் களிமண், அதன்மேல் நெருக்கமாகப் பதித்த கல் தளம். கல் எதற்கு? களிமண்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. நூற்றுக்கணக்கான ஆடுகள் அதில் நேராக இறங்கினால் குளம்பு குத்திக் களிமண் பொத்தலாகும், நாலு நாளில் குட்டை வற்றிவிடும். கரை சரிவாக இருப்பதால் மந்தை முழுக்க ஒரே நேரத்தில் வாய் வைக்கலாம், விழுந்த குட்டியும் ஏறி வந்துவிடும். அரவிந்தை ஒரு சுற்று சுற்றி வரச் சொல். எந்தப் பக்கச் சரிவிலிருந்து மழைநீர் உள்ளே வருகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு ஊருக்குள் வீடுகளை அண்ணாந்து பார். கூரையில் ஓடு இல்லை, கல் பலகை. அந்தக் கனத்தைத் தாங்கும் நீள மரம் மேட்டில் கிடைக்காது. அதனால் கல்லாலேயே வளைவு கட்டி, அதன்மேல் பலகையைப் பரப்பினார்கள். கீழ்த்தளம் வளைவுக் கூரையுள்ள ஆட்டுக் கொட்டில். மனிதர்கள் மேலே, வெளிப்படி ஏறித்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் கீழே நிற்கும் மந்தையின் சூடு மேலே வரும். கூரை நீர் வீட்டோடு ஒட்டிய தொட்டிக்குப் போகும். சர்ச் கூரை நீரைக்கூட விடவில்லை, அதையும் தொட்டியில் பிடித்தார்கள். சபையும் சனமும் ஒரே சொட்டுக்குக் காத்துக்கிடந்த ஊர்.

சர்ச்சை ஒட்டிய கல்லறையில் தலை வட்டமான கற்கள் நிற்கும், அதில் சிலுவை செதுக்கியிருக்கும். "டெம்ப்ளர் கல்லறை!" என்று பக்கத்தில் யாராவது உரக்கச் சொல்வார்கள். கண்டுகொள்ளாதே. அந்தப் பக்கத்தில் சாதாரணக் குடியானவனுக்கும் அப்படித்தான் கல் வைத்தார்கள். அந்த சர்ச்சே ஹாஸ்பிடலர் காலத்தது. சிலுவை கண்ட இடமெல்லாம் டெம்ப்ளர் என்பது இங்கே தொற்றுநோய். முனை எட்டாகப் பிரிந்த சிலுவை என்றால் அது ஹாஸ்பிடலர் சின்னம், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தெற்கு வாசல் கோபுரத்தைத் தேடாதே, 1912ல் இடிந்து விழுந்துவிட்டது.

சில வீட்டுக் கதவுகளில் பெரிய முள்பூ ஒன்றை ஆணியடித்து வைத்திருப்பார்கள், கார்தபெல். தட்டை விரித்த மாதிரி இருக்கும். காய்ந்த பிறகும் காற்றில் ஈரம் ஏறினால் இதழை மூடிக்கொள்ளும், மழைக்கு முன் இடையனுக்கு அறிவிப்பு. கடையில் விற்றால் வாங்காதே, மேட்டில் பார்த்தால் பறிக்காதே.

இனி நடைமுறை. ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வை. முதல் நாள் லா கூவெர்த்துவாராட் மட்டும். ஏ75 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து லெ கைலாரில் இறங்க வேண்டும், மொன்பெலியேவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட ஆகும். சுங்கம் கிடையாது (மியோ பெரிய பாலத்தில் மட்டும்தான் உண்டு, அது இன்னும் வடக்கே). பஸ்ஸை நம்பி வந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். கார் எடுங்கள். மேட்டுக்கு ஏறும் முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் கார் விடமாட்டார்கள், வெளியே கட்டண நிறுத்துமிடம். காலை பத்துக்கு முன் போய்விடு. சுற்றுலா பஸ் வந்த பிறகு அந்தச் சந்துகளில் நடக்கவே முடியாது.

மதில் மேல் நடைபாதை குறுகல், காற்று பலமாக அடிக்கும். உன் வீட்டுக்காரருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதே, அவர் கீழே நிற்கட்டும். ஈரமான சுண்ணாம்புக் கல் சோப்பு மாதிரி வழுக்கும். தேய்ந்த அடியுள்ள செருப்போடு வந்தால் மதிலில் ஏற விடமாட்டேன். மேட்டில் நிழல் கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பகலில் சுட்டாலும் சாயங்காலம் ஸ்வெட்டர் கேட்கும். செப்டம்பரில் இந்தப் பக்கம் திடீரென்று பேய்மழை கொட்டும். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு என்றால் அன்றைக்குப் பயணமே வேண்டாம், பள்ளத்தாக்குச் சாலைகள் மூழ்கும்.

இரண்டாம் நாள் சாந்த் எலாலியில் ஆரம்பி. அங்கே சர்ச்சைப் பார்த்ததும் ஏதோ உறுத்தும், வாசல் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும். 1641ல் ஹாஸ்பிடலர்களின் அந்த ஊர்த் தலைவர் ஒருவர் சர்ச்சையே திருப்பிப் போட்டார்: பலிபீடம் இருந்த கிழக்கு முனையை உடைத்துச் சதுக்கத்தைப் பார்த்து வாசல் திறந்து, மேலே பளிங்கில் மாதாவை வைத்தார். சதுக்கத்துக்கு நல்ல முகப்பு வேண்டுமென்று கோயிலையே திருப்பிய துணிச்சலை என்னவென்று சொல்ல! அங்கிருந்து வியாலா போ. அங்கே இருபத்தைந்து மீட்டருக்கு மேல் ஒரு கல் கோபுரம், ஹாஸ்பிடலர்கள் 1430 வாக்கில் எழுப்பியது. பார்த்தால் கோட்டை, உள்ளே நெற்களஞ்சியம் மாதிரி தானியக் கிடங்கு. கொள்ளைக்காரன் வந்தால் தானியத்தோடு சனமும் உள்ளே ஏறிக்கொள்ளும். உச்சி வரை ஏறினால்தான் மேடு எப்படித் தட்டையாகக் கிடக்கிறதென்று தெரியும். படி செங்குத்து, உன் முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஏறு. அருகில் சான் ஜான் தல்காஸும் அழகான மதில் ஊர், ஆனால் அது டெம்ப்ளரும் இல்லை ஹாஸ்பிடலரும் இல்லை, நோனெங்க் மடத்துக் கன்னியாஸ்திரீகளுடையது. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

பல இடங்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பூட்டு தொங்கும். உணவகத்திலும் ஒன்றரைக்கு மேல் போனால் சமையல் கிடையாது. கூட்டு டிக்கெட் உண்டா என்று முதல் இடத்திலேயே கேள். மேய்ச்சல் நிலத்துக் கேட்டைத் திறந்தால் மறுபடி மூடு. மூடாமல் போனால் ஆடு நெடுஞ்சாலைக்கு வந்துவிடும்.

சாப்பாடு: உன் வீட்டுக்காரர் இன்னும் சுத்த சைவம்தானே? பக்கத்து ஊர்தான் ரோக்ஃபோர், குகையில் பழுக்க வைக்கும் செம்மறி ஆட்டுப்பால் சீஸ். ஆனால் அதில் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். முன்னாலேயே சொல்லிவிட்டேன், சாப்பிட்ட பிறகு என் மேல் பாயக் கூடாது. உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கிண்டும் அலிகோவிலும் அதே சிக்கல் இருக்கும், கேட்டுவிட்டு வாங்கு. ரொட்டி, தக்காளி, பழம் கையில் இருக்கட்டும்.

லா கவாலரி வழியாகத் திரும்பும்போது ராணுவ முகாம் தெரியும். லா கவாலரியும் பழைய டெம்ப்ளர் ஊர்தான். 1971ல் அரசு அந்த முகாமை மூவாயிரம் ஹெக்டேரிலிருந்து பதினேழாயிரமாக விரிக்கப் பார்த்தது. 103 விவசாயிகள் நிலத்தை விற்பதில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். பத்து வருஷம் விடாமல் நின்று, 1981ல் மித்தெரான் ஜனாதிபதியாக வந்ததும் திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். இதில் உனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது: 1972ல் அவர்களுக்காகப் பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தவர் லான்சா தெல் வாஸ்தோ. வார்தாவுக்குப் போய்க் காந்தியோடு இருந்தவர், காந்தி அவருக்கு வைத்த பெயர் சாந்திதாஸ். காந்தி வேட்டி கட்டிய மாமா வீட்டுப் பெண் நீ, இதை அரவிந்துக்குச் சொல்லாமல் வராதே. சபைக்காரர்களின் சொத்து, ராணுவம், அகிம்சை எல்லாம் ஒரே மேட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அந்த மேட்டின் மேல் பைத்தியம் பிடித்ததே அதனால்தான்.

தேதி முடிவானதும் உடனே எழுது. செப்டம்பரின் மூன்றாம் சனி ஞாயிறு பாரம்பரியச் சின்னங்கள் தினம், பல இடங்களில் வழக்கமாகப் பூட்டிவைப்பதையும் திறந்துவிடுவார்கள். கூட்டம் இருந்தாலும் அதற்கே வா என்பேன். அறையை இப்போதே பிடித்துவிட வேண்டும், எனவே இந்த முறை நீ என்னைப் போல மூன்று மாதம் எடுத்துக்கொள்ளாதே. மாலதியின் புது நம்பரும் அனுப்பு.

உன்
கலை