ஸ்டாக்ஹோமில் பகல் பதினொரு மணிக்கே சாப்பிட உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்டாக்ஹோம் பற்றி வந்த பயணக் கட்டுரை, பார்க்க அழகான ஊர், ஆனால் கையில் உள்ளதைக் கரைத்துவிடும், சைவர்களுக்கு ரொட்டியும் காபியும்தான் கதி என்ற பாணியில் முடிந்திருந்தது. அது மலிவான ஊர் அல்ல என்பதில் மறுப்பில்லை. ஆனால் கட்டுரையாளர் கொடுத்த செலவுக் கணக்கைப் பார்த்தால், பகலெல்லாம் கிடைத்ததைக் கொறித்துச் சுற்றிவிட்டு, இரவு எட்டு மணிக்கு உணவகத்தில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அந்த ஊரில் அதிகச் செலவு வைக்கும் முறை அதுதான். அங்கே சாப்பாட்டையும் சுற்றிப் பார்ப்பதையும் கடிகாரத்தை வைத்தே திட்டமிட வேண்டும்.

திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலான உணவகங்களில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 வரை 'டாகென்ஸ் லுன்ச்' என்ற அன்றைய மதியச் சாப்பாடு உண்டு. விலை, ஸ்வீடன் நாணயத்தில், ஏறக்குறைய 130 முதல் 170 குரோனர். ஒரு குரோனர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. அந்த விலைக்குள் ஒரு முக்கிய உணவு, நாமே எடுத்துக்கொள்ளும் சாலட், ரொட்டி, வெண்ணெய், தண்ணீர், கடைசியில் காபி எல்லாம் அடங்கும். அதே உணவகத்தில் மாலை ஆறு மணிக்குமேல் போனால் முக்கிய உணவு மட்டுமே 250 முதல் 350 வரை ஆகும், மற்றவை தனி. அலுவலகம் போகிறவர்களை நம்பி நடக்கும் ஏற்பாடு என்பதால் சனி, ஞாயிறுகளில் இது கிடையாது. அந்த நாட்களில் காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து 'பிரஞ்ச்' (brunch) என்று ஒன்று வைத்திருப்பார்கள், விலை வேறு.

நடைமுறையைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற்றம் இருக்காது. வாசல் பலகையில் அன்றைய இரண்டு மூன்று வகைகள் எழுதியிருக்கும். ஒன்று பெரும்பாலும் சைவம். பல இடங்களில் முதலில் கவுண்டரில் பணம் கட்டி, தட்டை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். காபிக் குடுவை மூலையில் இருக்கும், நாமே ஊற்றிக்கொள்ளலாம். சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைப்பதும் நம் வேலை. உள்ளூர்க்காரர்கள் பதினொன்றரைக்கே வரத் தொடங்கிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு இடம் கிடைக்காது. ஒரு மணிக்குமேல் சைவ வகை தீர்ந்திருக்கும். ஆகவே பதினொரு மணி. நமக்கு அது காலைச் சிற்றுண்டி நேரம்போலத் தோன்றலாம். விடுதிக் காலை உணவைச் சற்று முன்னதாக, அளவாக முடித்துக்கொண்டால் போதும்.

இதனால் எந்தக் கிழமையில் போகிறோம் என்பதும் பணமாகிறது. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து திங்கள் காலை திரும்பினால் மதியச் சாப்பாட்டுச் சலுகை ஒன்றுகூடக் கிடைக்காது. மறுபுறம், வணிகப் பயணிகளை நம்பும் விடுதிகள் அங்கே வார இறுதியில்தான் வாடகையைக் குறைக்கின்றன. இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தால் வியாழன் காலை முதல் ஞாயிறு மாலை வரை என்பது நல்ல கணக்கு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மலிவான மதியம்; வெள்ளி, சனி இரவுகளில் குறைந்த வாடகை. வியாழக்கிழமையில் பட்டாணி சூப்பும் பேன்கேக்கும் சாப்பிடுவது அந்நாட்டின் பழைய வழக்கம். சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும் என்பதைச் சைவர்கள் மறக்க வேண்டாம்.

சைவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. சோடர்மால்ம் தீவில் ஃப்யெல்காடன் தெருவில் உள்ள ஹெர்மன்ஸ் முழுக்கச் சைவ பஃபே உணவகம். சாப்பிடும் மேசையிலிருந்தே துறைமுகம் தெரியும். எங்கே கவனம் தேவை என்றால், சைவம்போலத் தோன்றும் பண்டங்களில். 'ராக்முங்க்' என்ற உருளைக்கிழங்கு அடை பன்றி இறைச்சியோடுதான் தட்டில் வரும். 'யான்சன்ஸ் ஃப்ரெஸ்டெல்சே' பார்வைக்கு உருளைக்கிழங்கும் பாலேடும்தான். உள்ளே பதப்படுத்திய சிறுமீன் உண்டு. காய்கறி சூப் இறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். கடையில் வாங்கும் மிட்டாய்களில் ஜெலட்டின் சகஜம். அசைவம் சாப்பிடுவோரில் மாடோ பன்றியோ தொடாதவர்கள், புகழ்பெற்ற இறைச்சி உருண்டையைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பல இடங்களில் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். ஊழியர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பலகையும் பொட்டலமும் ஸ்வீடிஷில் இருக்கும். 'ஃப்லெஸ்க்' என்றால் பன்றி, 'நேத்' மாடு, 'ஷிக்லிங்' கோழி, 'ஃபிஸ்க்' மீன், 'எக்' முட்டை. இந்த ஐந்தும் நினைவில் இருந்தால் பேரங்காடியில் பிழைத்துக்கொள்ளலாம். இரவு உணவை அங்கேயே முடிப்பது உத்தமம்: பல கடைகளில் எடைக்கு விற்கும் சாலட் மேசை, சூடாக்கிச் சாப்பிடும் டப்பாக்கள், ரொட்டி, தயிர் எல்லாம் இரவு ஒன்பது பத்து வரை கிடைக்கும்.

பிற்பகல் காபி வேளையை அவர்கள் 'ஃபீகா' என்பார்கள். அதற்குச் செலவழிப்பதில் தவறில்லை. இலவங்கப்பட்டை பன் எல்லோரும் சொல்வது. நம் நாக்குக்கு அதைவிட ஏலக்காய் பன் பிடிக்கும். ஏலக்காயைப் பொடியாக்காமல் கரகரப்பாக இடித்துத் தாராளமாகப் போடுகிறார்கள். சாதாரண வடிகட்டிய காபி வாங்கினால் இரண்டாவது கோப்பை பல கடைகளில் இலவசம், அல்லது சில குரோனர்தான். லாட்டே, கப்புச்சினோவுக்கு அது கிடையாது.

இனி பார்க்கும் இடங்கள். யூர்கோர்டன் தீவிலுள்ள வாசா அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போய்வந்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில் புறப்பட்டு, துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 1,300 மீட்டர் போய்க் கவிழ்ந்த போர்க்கப்பல்தான் வாசா. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள். மேலே கனம் கூடிப்போய், அடியில் அதற்கு ஈடான அகலமும், கப்பலை நிமிர்த்தி வைக்கும் எடையும் இல்லை. ஒரு காற்று வீச்சில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி வாய்கள் வழியே தண்ணீர் ஏறியது. புறப்படுமுன்னரே 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். ஆட்டம் பொறுக்காமல் சோதனையைப் பாதியில் நிறுத்தியவர்கள், கப்பலை மட்டும் நிறுத்தவில்லை. 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தபோது மரம் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. நம் வங்கக் கடலில் மூழ்கியிருந்தால் சில ஆண்டுகளிலேயே சல்லடையாகியிருக்கும். கட்டுரை இதற்கு ஒரே வரி ஒதுக்கியது எனக்குச் சற்று வருத்தம்தான். மேலிருந்து கீழாகப் பல தளங்களில் நின்று பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். மரத்தைக் காக்க உள்ளே 18 முதல் 20 பாகை வைத்திருப்பார்கள், கோடையிலும் ஒரு மேல்சட்டை தேவை. 18 வயது வரை கட்டணமில்லை. கோடை மூன்று மாதமும் காலை 8.30க்கே திறந்துவிடும், மற்ற மாதங்களில் 10 மணி. திறக்கும்போதே உள்ளே போனால், சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் சேர்வதற்குள் கீழ்த்தளத்தை நிம்மதியாகப் பார்த்துவிடலாம்.

அங்கே போக ஸ்லுசென் படகுத்துறையிலிருந்து 82ஆம் எண் படகு இருக்கிறது. சாதாரண நகரப் போக்குவரத்துச் சீட்டிலேயே ஏறலாம், பத்து நிமிடம்தான். இதே தண்ணீரைக் காட்டத் தனியார் உலாப் படகுகள் பல மடங்கு வாங்குகின்றன.

பழைய நகரான கம்லா ஸ்தானில் அரண்மனைக் காவலர் மாற்றம் கோடையில் வார நாட்களில் 12.15க்கும் ஞாயிறு 13.15க்கும் நடக்கும், இலவசம். பதினொரு மணிச் சாப்பாட்டை இதற்கு முன்பே முடித்துவிடலாம். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் ஒரு மணி ஆகிவிடும். வெஸ்டர்லோங்காடன் தெருவில் மட்டும் சாப்பிட வேண்டாம், அது முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. நடப்பதற்கு நல்ல தெரு. அதன் தென்கோடியில் 90 செ.மீ. அகலத்துக்குக் குறுகும் படிச்சந்து ஒன்று இருக்கிறது.

நகர மன்றக் கட்டடம் 1923இல் திறக்கப்பட்டது. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுவார்கள், ஒரு சுற்று சுமார் 45 நிமிடம். நிகழ்ச்சிகள் இருந்தால் மூடிவிடுவதால் அன்று காலையே இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. டிசம்பர் 10 நோபெல் விருந்தையொட்டிய நாட்களில் போய் ஏமாற வேண்டாம். நோபெல் என்றதும் எல்லோரும் விருந்து நடக்கும் இந்த இடத்துக்கே ஓடுகிறார்கள். பரிசு வழங்கப்படுவது ஹேத்தோர்யெட் சதுக்கத்திலுள்ள நீலநிற இசை மண்டபத்தில். சர் சி.வி. ராமன் 1930இலும், சுப்ரமணியன் சந்திரசேகர் 1983இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இலும் பரிசு வாங்கியது அங்கேதான். நம்மவர்கள் அதன் வாசலில் நின்று படம் எடுக்காமலே கடந்துபோகிறார்கள். சதுக்கத்தில் பகலில் காய்கனிச் சந்தை. பக்கத்துக் கட்டடத்தின் நிலவறையில் பல நாட்டுப் பண்டங்கள் விற்கும் உணவுக்கூடம். ஃபலாஃபலும் கொண்டைக்கடலையும் தேடுகிறவர்களுக்கு அதைவிட வசதியான இடம் மையப் பகுதியில் குறைவு. ஞாயிறன்று அந்தக் கூடம் மூடியிருக்கும்.

மழை பெய்தால் சுரங்க ரயில். குங்ஸ்ட்ரேகோர்டன் நிலையத்தில் 11ஆம் எண் வழித்தட ரயிலில் ஏறி, டி-சென்ட்ராலன், ரோட்ஹூசெட், சோல்னா சென்ட்ரும் ஆகிய நிலையங்களில் மட்டும் இறங்கி நடைமேடையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள். பாறையைக் குடைந்து, அதன் கரடுமுரடான முகத்திலேயே ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். வாயிலைத் தாண்டி வெளியே வராத வரை ஒரே சீட்டு போதும். ஒற்றைச் சீட்டு 75 நிமிடம் செல்லும். அதற்குள் ரயில், பேருந்து, டிராம், 82ஆம் எண் படகு எதில் வேண்டுமானாலும் மாறலாம். ஒரு நாளில் நான்கு முறைக்குமேல் ஏறுவதாக இருந்தால் 24 மணிச் சீட்டு, மூன்று நாளுக்கு 72 மணிச் சீட்டு. வங்கி அட்டையை வாயிலில் தொட்டும் போகலாம், ஆனால் ஓர் அட்டைக்கு ஒருவர்தான். பேருந்து ஓட்டுநர் சீட்டு விற்க மாட்டார்.

விமான நிலையத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்லாந்தாவிலிருந்து விரைவு ரயில் 18 நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஒரு குடும்பத்துக்கு அது பெருந்தொகை. புறநகர் ரயில் மலிவு என்று நினைத்து ஏறினால், விமான நிலைய நிலையத்தைக் கடப்பதற்கென்று தனிக் கட்டணம் கேட்பார்கள். 72 மணிச் சீட்டு கையில் இருந்தாலும் அது தனி. அந்தக் கட்டணம் வேண்டாம் என்றால் 583ஆம் எண் பேருந்தில் மேர்ஸ்டா போய், அங்கே புறநகர் ரயிலுக்கு மாறலாம். சாதாரணச் சீட்டு போதும். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும்.

பணத்தாள் எடுத்துப் போவது வீண். பல கடைகள், அருங்காட்சியகங்கள், கழிப்பறைகள்கூட அட்டை மட்டுமே வாங்கும். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுச் செலுத்தும் வசதியும் அணைத்தே இருக்கும். கிளம்புமுன் செயலியில் இரண்டையும் இயக்க வேண்டும். இணையத்தில் சீட்டு வாங்கும்போது ஓடிபி வர இந்திய எண் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரிலேயே வாங்கிவிடுவது மேல். அட்டைக் கருவி ரூபாயா குரோனரா என்று கேட்டால் குரோனரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். டிப்ஸ் கேட்கும் திரையில் பூஜ்யம் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெட்டியில் உணவு கொண்டுபோகிறவர்களுக்கு: நெய், பால்கோவா, பனீர், இறைச்சி, கருவாட்டுடன் கலந்த இறைச்சிப் பொடி எதுவும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துவரத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் தாராளமாக எடுத்துப்போகலாம். விடுதி அறையில் குக்கர் வைத்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து, தீயணைப்பு வண்டிவரை போய்விடும். சமைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறை உள்ள அறையை எடுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, உருண்டை இரண்டு முள் பொருந்தும்.

மாதமும் முக்கியம். டிசம்பர் நடுவில் சூரியன் 8.45 வாக்கில் எழுந்து 3 மணிக்குள் மறைந்துவிடும். அப்போது வெளியே பார்ப்பதை எல்லாம் காலையிலும், அருங்காட்சியகத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அங்கே இந்த வரிசையைத் திருப்பிப் போடலாம். ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை, அவர்களுடைய கோடை விழாவான மிட்சம்மர் நாளுக்கு முந்தைய தினம். அன்றும் மறுநாளும் ஊரே கிராமங்களுக்குப் போய்விடும், கடைகள் அடைத்திருக்கும். ஜூலையில் சிறிய உணவகங்கள் பல மூன்று நான்கு வாரம் விடுமுறை விடுகின்றன.

தங்கள் இணைப்பில் இனி வரும் பயணக் கட்டுரைகளில், கட்டுரையாளர் எந்த மாதம், எந்தக் கிழமைகளில் போனார் என்பதையும், உணவு விலை மதியத்துக்கா இரவுக்கா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி