பத்து மணித் தேத்தண்ணியும் வெத்திலைப் பையும்

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ போனில் அழாத குறையாகப் பேசியதிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வெத்திலையால் வாய்ப்புற்று வரும் என்று படம் காட்டிப் பேசினாயாம், எல்லாரும் தலையாட்டினார்களாம், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வாசலிலேயே மடியைப் பிரித்து வெத்திலை போட்டார்களாம். "சொன்னா விளங்காத சனம்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மாவும் 26 வருஷம் அந்தச் சனம்தானே.

விளங்காமல் இல்லை புள்ள. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இலேயே சொல்லிவிட்டது என்று படிக்கிற காலத்தில் நீ வந்து சொன்னாயே, அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பின்னேரமே பையைச் சுருட்டி ஓடையில் எறிந்தேன். மறுநாள் மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால், பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள் வழக்கம்போல பாதி வெத்திலையைக் கிள்ளி நீட்டுகிறாள். வேண்டாம் என்றால் அவளோடு கோபம் என்று அர்த்தம். வாங்கிப் போட்டேன். பயம் ஒரு ராத்திரிதான் தாங்கியது!

போகவந்தலாவைக் குளிரில் இடுப்பில் கட்டின படங்கு நனைந்து காலில் ஒட்டும், விடிய தின்ற ரொட்டி எப்போதோ கரைந்திருக்கும், மதியத்துக்கு இன்னும் நேரம் கிடக்கும். அப்போது வாயில் ஒன்று இருந்தால் உடம்பு சூடாகும், பசி தெரியாது, அப்புறம் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஊர்க்கதையும். இதற்கெல்லாம் நீ காட்டிய படம் என்ன செய்யும், சொல்?

அந்தப் பக்கத்து நிரைக்காரிக்குக் காரமான கட்டசம்பல் பட்டாலே வாய் எரிந்து, வாயை அகலத் திறக்கவும் முடியாமல் போனபோதுதான் இரண்டு பேரும் சேர்ந்து வெத்திலையை விட்டோம். அவள் நீட்டவில்லை, நான் வாங்கவில்லை. தேத்தண்ணிக்கு வறுத்த கடலை கொண்டுபோனோம் (வெத்திலையைவிட அதற்குக் காசு கூட, அது வேறு கதை). ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, கொழுந்து நிறுத்துவிட்டு நிமிர்ந்தால் தானாகவே மடியைத் தடவும். மூன்றாவது சம்பளம் வாங்கின பிறகுதான் அது நின்றது. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் படிய சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரைகூட என்று நீதானே வாசித்துக் காட்டினாய்? பழக்கத்தை விடுவதும் அப்படித்தான் போல. பிறகு ஒரே கூட்டத்தில் ஒரு தோட்டமே மாறவில்லை என்று ஏன் அழுகிறாய்?

அடுத்த தடவை படத்தை வைத்துவிட்டு மலைக்குப் போ, பத்து மணிக்கு அவர்களோடு உட்கார். யார் யாருக்கு நீட்டுகிறார்கள் என்று பார், அந்தச் சோடிகளோடு பேசு.

அவளுக்கு இன்னும் வாய் சரியாகத் திறக்கவில்லை. "விட்டுட்டேனே, இனி எதுக்கு டாக்டர்" என்கிறாள். சம்பளத்துக்கு மறுநாள் எப்படியும் இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் காட்டுவதா வேறு யாரிடமுமா என்று கேட்டு எழுது.

அம்மா