ஜிங்கு மைதானத்தை இடிக்காதீர்கள்: டோக்கியோ பெருநகர அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆளுநர் அவர்களுக்கும், ஜிங்கு கையென் மறுசீரமைப்புத் திட்டத்தை நடத்துவோருக்கும்,

வணக்கம். டோக்கியோ நடுவிலுள்ள ஜிங்கு கையென் தோட்டத்தில் பழைய பேஸ்பால், ரக்பி மைதானங்களை இடித்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் புதிதாகக் கட்டி, உயரமான கோபுரக் கட்டடமும் எழுப்பும் திட்டத்துக்கு 2023 பிப்ரவரியில் அனுமதி கொடுத்ததும், 2024 அக்டோபர் கடைசியில் ரம்பம் மரத்தைத் தொட்டதும் நீங்கள் அறியாததல்ல; அந்தக் கதையை மறுபடி விரிக்கவில்லை. கேட்பது ஒன்றுதான். ஜிங்கு பேஸ்பால் மைதானத்தை இடிக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே செப்பனிடுங்கள்.

1926 அக்டோபரில் திறந்த மைதானம் அது. 1934 நவம்பரில் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரங்கள் பேப் ரூத்தும் லூ கெரிக்கும் அங்கே ஆடினார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படை கைப்பற்றி வைத்திருந்து, 1952-ல்தான் திருப்பித் தந்தது. ரூத் ஆடிய மைதானங்களில் இன்றும் தொழில்முறை ஆட்டம் நடப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: பாஸ்டனில் ஃபென்வே, சிகாகோவில் ரிக்லி, நிஷினோமியாவில் கோஷியன், பிறகு இது. முதல் மூன்றையும் செப்பனிட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை நிறுத்தாமல் பழைய கட்டடத்தில் கை வைக்க முடியாது, அதனால்தான் ரக்பி மைதானத்தோடு இடம் மாற்றுகிறோம் என்பது உங்கள் தரப்பு. கோஷியன் ஜிங்குவைவிட இரண்டு வயது மூத்தது. 2007 இலையுதிர் காலத்திலிருந்து 2010 வசந்தம் வரை, ஆட்டம் இல்லாத மூன்று குளிர்காலங்களில் வேலையை முடித்தார்கள். சுவரை மூடியிருந்த படர்கொடியை வெட்ட வேண்டியிருந்தது; ஆனால் அதன் விதையில் முளைத்த கன்றுகளை 2000-லேயே உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2008-ல் அவற்றில் சில திரும்பி வந்தன. ஜிங்குவில் பகலில் பல்கலைக்கழக ஆட்டம், இரவில் இதைத் தாயகமாகக் கொண்ட தொழில்முறை அணியான ஸ்வாலோஸின் ஆட்டம், நவம்பரில் மாணவர் போட்டி என்று நெருக்கடி அதிகம்தான். நவம்பர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, நாலு மாதத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். மூன்று குளிர்காலம் போதாதென்றால் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்றினால் அடிபடப்போவது, புதிய மைதானத்தை ஒட்டி வரும் கிங்கோ மரச் சாலை. நான்கு வரிசை, 146 மரங்கள், 1923-ல் நட்டவை. அவோயாமா முனையில் உயரமானவை, மறுமுனையிலுள்ள ஓவியக் கூடத்தை நெருங்க நெருங்கக் குட்டையானவை. சாலை இருப்பதைவிட நீளமாகத் தெரிவதற்காக உயரம் பார்த்து நட்டார்கள். முதல் வரைபடத்தில் புதிய மைதானம் மேற்கு வரிசையிலிருந்து சுமார் 8 மீட்டரில் நின்றது. எதிர்ப்புக்குப் பின் 18.3 மீட்டருக்குத் தள்ளினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் மரம் தண்ணீர் குடிப்பது சல்லிவேரால். அது மேல்மண்ணில், கிளை பரப்பையும் தாண்டி ஓடும். அஸ்திவாரப் பள்ளம் அதை அறுத்தாலோ நிலத்தடி நீரோட்டத்தை மறித்தாலோ மரம் அன்றே விழாது. இலை சிறுக்கும், உச்சிக் கிளையின் நுனி காயும், சில ஆண்டு கழித்துத்தான் மொட்டையாகும். அப்போது அங்கே வேறு மரம் நடுவீர்கள். நூறு வயது மரங்களுக்கு நடுவே அந்தக் கன்று எந்த உயரத்தில் நிற்கும்?

மரத்தை இடம் மாற்றுமுன் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே சுற்றித் தோண்டி, பெரிய வேரை அறுத்து, புதுச் சல்லிவேர் விடும்வரை காத்திருக்கும் முறைக்கு ஜப்பானியத்தில் 'நெமாவாஷி' என்று பெயர். ஒரு முடிவெடுக்குமுன் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசி வைப்பதற்கும் அலுவலகங்களில் அதே சொல்தான். மரத்துக்குச் செய்யும் மரியாதையை மக்களுக்கும் செய்திருக்கலாம். இந்தத் தோட்டமே மக்கள் நன்கொடையில் எழுந்தது. அதில் சுமார் 190 மீட்டர் கோபுரமும் மைதானத்தோடு ஒட்டிய ஹோட்டலும் வேண்டும் என்று நன்கொடை கொடுத்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்வாலோஸ் ரன் எடுக்கும்போதெல்லாம் ரசிகர்கள் சின்னக் குடையை விரித்து 'டோக்கியோ ஒந்தோ' பாடுவார்கள். தலைக்கு மேல் வானம் இருப்பதால்தான் குடைக்கே அர்த்தம். கோபுர நிழலில் பிடிக்கவும் ஒரு குடை தருவீர்களோ என்னவோ.

கடுமையாகப் பட்டால் மன்னியுங்கள். வெட்டுவதாக இருந்த மரங்களை 743-லிருந்து 619-ஆகக் குறைத்தவர்கள் நீங்கள். கேட்டால் மாற்றிக்கொள்வீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே பணிவோடு கேட்கிறோம்: நின்ற இடத்திலேயே செப்பனிட என்ன செலவு, எத்தனை குளிர்காலம் என்ற பொறியியல் கணக்கை முழுதாக வெளியிடுங்கள். மேற்கு வரிசையின் வேர் எதுவரை ஓடுகிறது என்பதைச் சுதந்திரமான நிபுணர்களை வைத்துத் தோண்டிப் பார்த்து, அந்த அளவுகளையும் சேர்த்து வெளியிடுங்கள். அவை இரண்டும் மக்கள் கைக்கு வரும்வரை ஜிங்கு மைதானத்தை இடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஜிங்கு மைதானத்தின் ரசிகர்கள்