மாத்திரையை விழுங்கப்போகிறவர்

மண்டபம்,
மே மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. புது காசநோய் மருந்து தேடும் உன் ஆராய்ச்சியில் கம்ப்யூட்டர் முதலிடம் கொடுத்த மூலக்கூறுகள் எதுவுமே லேப்பில் காசநோய்க் கிருமியைக் கொல்லவில்லை, உழைத்ததெல்லாம் வீண் என்று போனில் அழுதாய். வீண் இல்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்தையே எடுத்துக்கொள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்டாக இருந்த காலமெல்லாம் அதை எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பது நீ விளக்கித்தான் முழுசாகப் புரிந்தது. கிருமிக்குள் இருக்கும் கேட்ஜி என்ற நொதி அதை மாற்றிய பிறகே அது கிருமி உயிர்வாழத் தேவையான இன்ஹெச்ஏ புரதத்தை முடக்குகிறது என்றாய். அப்படியானால் மாத்திரையில் இருக்கிற ஐசோநியாசிடை அப்படியே எடுத்து அந்தப் புரதத்தில் டாக்கிங் செய்து, அதாவது எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் என்ன மதிப்பெண் வரும்? எத்தனையோ லட்சம் பேரைப் பிழைக்க வைத்த மருந்தை உன் கம்ப்யூட்டர் மாடல் பட்டியலின் அடியில் தள்ளியிருக்கும். 1912லேயே செய்துவைத்த பொருள் அது. காசநோய்க்கு ஆகும் என்று தெரிய ஏறக்குறைய 40 வருஷம் ஆனது.

அதனால் தோற்றவற்றை ஆய்வேட்டில் ஒளிக்காதே. தனி அத்தியாயமாகவே எழுது. ஜெயித்ததை மட்டும் எல்லோரும் பிரசுரித்தால், தோல்வி எப்படி இருக்கும் என்று மாடலுக்கு யார் கற்றுக்கொடுப்பது? உன் கைடு ஒருவேளை முகம் சுளிப்பார். பொறுமையாக எடுத்துச் சொல்.

இன்னொன்றும் கேட்கிறேன். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு 2024ல் நோபல் பரிசு கிடைத்தபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! அந்தக் கணிப்பு இன்று அவ்வளவு எளிதாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் மருந்து போய்ச் சேருவது மனுஷ உடம்புக்குள். ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தை வெறும் வயிற்றில் போடச் சொல்வோம். விடியுமுன் படகேறுகிறவர் அப்படிப் போட்டால் அலையில் குமட்டிக்கொண்டு வரும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மருந்து சரியாக ஏறாது. அந்த மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் ரத்தம் என்று பயந்து, மீதி மாத்திரையைப் பையோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார் பாம்பன்காரர் ஒருவர். வீடு தேடிப் போய்ப் பேசித்தான் மறுபடி தொடங்க வைத்தேன். இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். ஆறு மாசம் என்பது சின்ன காலமா?

சர்க்கரையும் சேர்ந்திருந்தால் இன்னும் சிரமம். ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைக் கிளப்பிவிடும். சர்க்கரைக்கான கிளிமிப்பிரைடு மாத்திரை போட்டாலும் அது சீக்கிரம் கரைந்துபோய்ச் சர்க்கரை ஏறிவிடும். புது காசநோய் மருந்தான பெடாக்விலினையும் ரிஃபாம்பிசின் இப்படித்தான் குறைத்துவிடுகிறது. நீ கண்டுபிடிக்கப்போகும் மூலக்கூறும் இதற்குத் தப்பாது. ஆகவே டாக்கிங் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், கல்லீரல் நொதிகளிடம் அது தாக்குப்பிடிக்குமா, கல்லீரலைக் கெடுக்குமா, நாளுக்கு ஒரே வேளை போட்டால் போதுமா என்பதையும் முதல் வடிகட்டலிலேயே சேர்த்துப் பார். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கென்றே கணிப்பு மாடல்கள் இருக்கின்றன என்று நீயே சொன்னாயே.

நோயாளியின் வாழ்க்கையைக் கணக்கில் எடுப்பது அறிவியலுக்கு வெளியே நிற்கிற காரியம் இல்லை பாப்பா. 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அதைத்தான் செய்தது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்தவர்களைப் போலவே, நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டு மருந்து சாப்பிட்டவர்களும் குணமாவார்கள் என்று 1959ல் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய முடிவு அது. நம் ஊர் மனுஷர்களை வைத்துக் கண்டது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. நீயும் அந்த வழியில் வருகிறவள் என்றுதான் நினைக்கிறேன்.

தோற்ற மூலக்கூறுகளின் பட்டியலை எனக்கும் அனுப்பு. பாதி புரியாது, பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. ஜூன் 15க்கு அப்புறம் லீவு போட்டு வா. நண்டு வாங்கி வைப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள். ராத்திரி நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
அப்பா