கடைசிப் பாகம்: ஞாயிறு சந்திப்பு, எல்லாரும் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே. ‘தி வீல் ஆஃப் டைம்’ மாயாஜால நாவல் தொடரின் 14-ஆவது பாகத்தைப் பெரும்பாலோர் முடித்துவிட்டீர்கள். வரும் ஞாயிறு மாலை 4.30-க்குத் பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா நுழைவாயிலில் கூடுவோம். மழை வந்தால் இடம் மாறும், 2 மணிக்குள் சொல்கிறேன்.

1. முடிவை இந்தப் புலனக் குழுவில் யாரும் எழுத வேண்டாம். நேற்று கதையில் வரும் ஒரு மரணத்தை இங்கே போட்டதில், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஓர் அக்காவுக்கு மனசே விட்டுப்போச்சு.

2. 37-ஆவது அத்தியாயம், அந்த இறுதிப் போர், கிட்டத்தட்ட 200 பக்கம். மூச்சு விடாமல் படித்ததாகச் சிலர், படை நகர்வுகளில் களைத்துப்போனதாகச் சிலர். எந்த இடத்தில் என்று பக்கம் குறித்து வாருங்கள்.

3. தொடரை எழுதிவந்த ராபர்ட் ஜோர்டான் 2007-இல் மறைந்தபின் அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் இந்தப் பாகத்தை எழுதி முடித்தார், 2013-இல் வெளிவந்தது. மேட் என்ற கதாபாத்திரம் பேசும் விதமே மாறிவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் பழைய பாகத்திலிருந்து ஒரு பத்தி வாசித்துக் காட்டுங்கள், அப்போதுதான் பேச்சு நியாயமாக இருக்கும். நிறைவுக் காட்சியை ஜோர்டானே எழுதி வைத்துவிட்டுப் போனார், அந்தப் பக்கங்களுக்காகவே எனக்கு இந்தப் பாகம் பிடிக்கும்.

4. உட்காரப் பாயும், குடிக்கத் தண்ணீரும் கொண்டுவாருங்கள்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருபவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஜெட்டியில் வந்து ஏற்றிக்கொள்ளக் கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.